போனில் நான் கண்டுபிடிக்காத நோய்

புதிதாக வந்திருக்கும் ஹவுஸ் சர்ஜன் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களிடம் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்களாம். தொலைமருத்துவம் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுக் கட்டம் கட்டமாகப் போட்டு, டிக் அடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, "சார், தொட்டுப் பார்க்காமப் பார்க்கிறது ஒரு வைத்தியமா?" என்று கேட்டார். இன்னொருவர், "இனி எல்லாம் திரையிலதான் சார், ஸ்டெதஸ்கோப்பைப் பரண்ல போட்டுடலாம்" என்றார். இரண்டு பேரிடமும் பலமாகத் தலையாட்டினேன். ஓய்வு பெற்ற பிறகு கழுத்துக்கு வேறு வேலை இல்லை.

அதே படிவத்தை எண்பதுகளின் தொடக்கத்தில், இதே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவனாக இருந்த என்னிடம் கொடுத்திருந்தால் பதில் சுருக்கமாக இருந்திருக்கும். தெரிந்தது: ரிசீவரின் எந்த முனை காதுக்கு, எந்த முனை வாய்க்கு என்பது. நினைப்பது: இளக்காரம்.

இளக்காரத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் ஆஸ்பத்திரியில் போன் எடுப்பது ஒரு தண்டனை. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறவன், வார்டில் நிற்கிறவன், பிரசவம் பார்க்கிறவன் எல்லாம் டாக்டர். எதற்கும் ஆகாதவன் போன் டூட்டி. நான் என் முதல் ஹெர்னியா ஆபரேஷனில் கீறலை விரித்து வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டே மயங்கி விழுந்தவன். வெறுமனே விழுந்திருந்தால் மன்னித்திருப்பார்கள். சுத்தம் செய்து அடுக்கி வைத்த கருவித் தட்டையும் கூட்டிக்கொண்டு விழுந்தேன். பெரிய டாக்டர் ஆபரேஷனை முடித்துவிட்டு வந்து, நான் கண் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "நீ கொஞ்ச நாள் ரத்தம் இல்லாத எடத்துல இருடே."

ரத்தம் இல்லாத இடம், ஆபீஸ் அறையின் மூலையில், கறுப்பு டெலிபோனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

அப்போது ராஜபாளையத்திலிருந்து நம்மூருக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். போனில் பேச வேண்டுமென்றால் சில நாள் அதைவிடக் கூடுதலாகும். டிரங்க் கால் பதிவு செய்து, இரண்டு ஊர் எக்ஸ்சேஞ்சும் ஒன்றையொன்று பிடித்து, ஆபரேட்டர் கம்பியைச் சொருகினால்தான் குரல் வரும். பஞ்சு மில்களில் சின்ன டிஸ்பென்சரிகள் இருந்தன; அங்கே டாக்டர் கிடையாது, கம்பவுண்டர்தான். அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் எங்களுக்குப் போன் போடுவார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: ஒரு மாதத்தில் எனக்கு அந்த ஸ்டூல் பிடித்துப்போனது. கை கழுவ வேண்டாம், நோயாளி நம் சட்டையில் வாந்தி எடுக்க மாட்டார், பெரிய டாக்டர் பின்னால் நிற்க மாட்டார். ஒரு கேஸை எத்தனை சீக்கிரம் முடிக்கிறேன் என்று எனக்குள் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டேன். கம்பவுண்டர் "டாக்டர், ஒரு ஆளுக்கு..." என்று இழுக்கும்போதே எனக்கு நோய் தெரிந்துவிடும். திங்கட்கிழமை நெஞ்சடைப்பு என்றால் பஞ்சுத் தூசி. சனிக்கிழமை தலைவலி என்றால் வெள்ளிக்கிழமை சாராயம். இப்படி ஒரு பஞ்சாங்கமே வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை, மில் சங்கு ஊதி நைட் ஷிப்ட் விட்ட நேரம். டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்தேன். மறுமுனையில் கம்பவுண்டர் பாக்கியநாதன். என்னைவிட இருபது வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

"டாக்டர், குருசாமின்னு ஒரு ஆளு. சேத்தூர்க்காரன். வயித்த வலிக்குங்கான். தல கிறுகிறுன்னு வருதாம். கண்ணு சொக்குது."

"நைட் ஷிப்டா அண்ணாச்சி?"

"ஆமா, இப்பத்தான் எறங்குதான்."

"பின்னே சொக்காம என்ன செய்யும்? ராத்திரி என்ன சாப்பிட்டாராம்?"

அவர் ரிசீவரை விலக்கி, "ஏலே, ராவுக்கு என்ன தின்ன?" என்று கேட்பது கேட்டது. தூரத்தில் ஒரு குரல் ஏதோ முனகியது. "பரோட்டாவாம் டாக்டர்."

எனக்கு வேறென்ன வேண்டும்? ராத்திரி பரோட்டா, விடிய விடிய முழிப்பு, காலையில் வயிற்றுவலி. "வயித்து மருந்து ரெண்டு மூடி ஊத்திக் குடுத்து வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லுங்க" என்றேன். அவர் சரியென்று வைத்துவிட்டார். டீ இன்னும் ஆறவில்லை. பந்தயத்தில் இது எனக்கு ஒரு சாதனை.

நானும் வைக்கப் போனேன். ரிசீவருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்: "டாக்டர், வைக்காதிய."

நம்மூர் எக்ஸ்சேஞ்சின் ஆபரேட்டர் அம்மா. தினமும் "பேசுங்க", "முடிஞ்சதா" என்ற இரண்டு சொல் மட்டும் என்னிடம் பேசுகிறவர். முகம் பார்த்ததில்லை.

"கேஸ் முடிஞ்சிட்டும்மா, லைனை எடுத்துடுங்க."

"அந்த ஆளு பேசுன பேச்சு சரியில்ல டாக்டர்."

"எந்த ஆளு?"

"பின்னாடி நின்னு பரோட்டான்னு சொன்னாகளே, அவியதான். வாய்க்குள்ள பனங்கிழங்க அதக்கிக்கிட்டுப் பேசுத மாதிரி இருக்கு. மூக்கு வழியா வருது."

"தூக்கக் கலக்கம்மா."

"தூக்கக் கலக்கம் எனக்குத் தெரியாதா? காலையில அஞ்சு மணிக்கு எத்தன பேரு எங்கிட்ட நம்பர் கேக்காக. குடிச்சிட்டுப் பேசுதவுகளும் தெரியும், அழுதுட்டுப் பேசுதவுகளும் தெரியும். இது வேற."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாலரை வருடம் படித்தவன் நான். "நீங்க எந்த மெடிக்கல் காலேஜ்மா?" என்று கேட்டேன். கேட்ட தொனியை நினைத்தால் இன்றைக்கும் என் காது சுடுகிறது.

அவர் கோபப்படவில்லை. "நான் எட்டாங் கிளாஸ் வரைக்கும் பேச்சுக்காக அடி வாங்குனவ, டாக்டர். அதுக்குப் பொறவு கேக்கத்தான் செஞ்சேன். ஒரு தடவ அந்த ஆளுகிட்டயே பேசிப் பாருங்களேன்."

"தேவையில்ல. திரும்பப் பதிவு பண்ணணும், அரை மணி ஆகும்."

"போட்டாச்சு. மணி அடிக்கி. பேசுங்க."

நீங்கள் நினைப்பது போல மருத்துவ அறிவினாலோ மனிதாபிமானத்தினாலோ அந்த இரண்டாவது அழைப்பில் நான் பேசவில்லை. மணி அடித்துவிட்டது, அண்ணாச்சி எடுத்துவிட்டார், வைத்தால் மரியாதையாக இருக்காது. அவ்வளவுதான்.

"என்ன டாக்டர், இப்பத்தான பேசுனிய?"

"மருந்து குடுத்திட்டீங்களா அண்ணாச்சி?"

"கிளாஸ்ல ஊத்தி வச்சிருக்கேன். குடுக்கப் போறேன்."

"கொஞ்சம் நிறுத்துங்க. ஆளைப் போனுக்குக் கூப்பிடுங்க."

ஆள் வந்தார். "டா...க்டர்" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்குக் கையிலிருந்த டீ கனத்தது. ஆபரேட்டர் சொன்னது சரி. சொல் உதட்டில் உருவாகாமல் மூக்கில் கசிந்தது. போன வாரம்தான் வார்டில் பெரிய டாக்டர் இதே போல ஒரு பேச்சைப் பற்றிச் சொல்லியிருந்தார். நான் அன்றைக்குப் பின்வரிசையில் நின்று பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் காதில் ஏதோ விழுந்திருக்கிறது.

"குருசாமி, எதுவும் கடிச்சுதா? பாம்பு, பூச்சி?"

"இல்ல..."

"ராத்திரி எங்க இருந்தீங்க?"

"மிஷின்லதான் நின்னேன்."

அப்போது இன்னொரு குரல், வாசல் பக்கமிருந்து, நல்ல கணீரென்று: "நடிக்கான் டாக்டர்! நாளைக்கு லீவு போட வழி பாக்கான்!" ஷிப்ட் மேஸ்திரி. அவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மில்லில் ஷிப்ட் நேரத்தில் படுத்துத் தூங்கி மேஸ்திரியிடம் பிடிபட்டால் வேலை போய்விடும். அவர் முன்னால் குருசாமி எப்படி வாயைத் திறப்பார்?

லைனில் ஆபரேட்டர் அம்மாவின் குரல், காற்று மாதிரி: "அவர வெளிய அனுப்பச் சொல்லுங்க."

அனுப்பச் சொன்னால் மேஸ்திரிக்குச் சந்தேகம் வரும். என் வாழ்க்கையில் எப்போதாவது ஒரு தடவைதான் எனக்குச் சமயத்தில் புத்தி வரும், அன்றைக்கு வந்தது. "குருசாமி, நான் கேக்கிறதுக்கு ஆமான்னா ம்னு மட்டும் சொல்லுங்க. இல்லன்னா சும்மா இருங்க. ராத்திரி செத்த நேரம் படுத்தீங்களா?"

நெடு நேரம் ஒன்றுமில்லை. கம்பியில் இரைச்சல் மட்டும். எங்கள் மூன்று பேர் மூச்சும் அந்த இரைச்சலுக்குள் இருந்தது.

"ம்."

"பஞ்சு குடோன்லயா?"

"ம்."

"தரையிலயா?"

"ம்."

"எழுந்திருக்கும்போது எங்கயாவது சுருக்குன்னு இருந்துச்சா?"

"...ம்."

"சரி. ஒண்ணுல இருந்து ஒரே மூச்சுல எண்ணுங்க. விடாம எண்ணணும்."

எண்ணினார். நல்ல மூச்சு உள்ளவர் இருபத்தைந்து வரை போவார். குருசாமி ஆறில் தடுமாறி ஒன்பதில் நின்று காற்றை இழுத்தார். கட்டுவிரியன். வலிக்காமல் கடித்துவிட்டுப் போகும். பிறகு முதலில் இமை விழும், அப்புறம் நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. கண் சொக்கியது நைட் ஷிப்டால் அல்ல. நான் சொன்ன இரண்டு மூடி மருந்தை அந்தத் தொண்டையில் ஊற்றியிருந்தால் நேரே நுரையீரலுக்குப் போயிருக்கும். அப்புறம் வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னேனே, அந்தத் தூக்கத்திலிருந்து அவர் எழுந்திருக்கவே மாட்டார்.

"அண்ணாச்சி, மருந்தைக் கீழே கொட்டுங்க. தண்ணிகூடக் கூடாது. உடனே வண்டியில ஏத்துங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, நீங்களும் கூட வாங்க."

"வண்டி இல்லையே டாக்டர்! மில் வேன் சேத்தூருக்கு ஆள எறக்கப் போயிருக்கு."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன். எழுந்து நின்றால் வண்டி வருமா? ஆனால் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆபரேட்டர் அம்மாவுக்குத் தெரிந்தது. "மில்லுக்கு எதிர்த்தாப்ல, புண்ணுக்குக் கட்டுப் போடுத காஸ் துணிக் கம்பெனி இருக்குல்ல, அந்த மொதலாளி இன்னிக்கு மதுரைக்குப் போறதா இருந்தாக. காலையில போக்கு நின்னு போச்சு. காரு சும்மாத்தான் நிக்கி. இருங்க, அவருக்கு லைன் போடுதேன்."

ஊரில் யார் எங்கே போகிறார், யார் போகவில்லை என்பதெல்லாம் அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நேரமும் அது இல்லை.

அந்த முதலாளி, வீட்டில் தெலுங்கு பேசும் ராஜு சமூகத்து ஆள். லுங்கியோடு காரை எடுத்துக்கொண்டு வந்து, மில் வாசலில் நின்று, "பதண்டி, பதண்டி!" என்று தெலுங்கில் எல்லாரையும் விரட்டினாராம். மேஸ்திரியையும் விரட்டினாராம். பாக்கியநாதன் அண்ணாச்சி பிற்பாடு சொன்னார்: "வார வழியில நாலு தடவ இவனுக்கு மூச்சு நின்னமாதி இருந்துச்சு டாக்டர். நானும் நாலு தடவ செத்தேன்."

கார் உள்ளே வரும்போது பெரிய டாக்டர் தயாராக நின்றார். நான்தான் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தேன். குழாய் போட்டது, மருந்து ஏற்றியது எல்லாம் உங்களுக்குப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததைச் சொல்கிறேன். எங்களிடம் மூச்சு விடும் மிஷின் கிடையாது. ரப்பர் பைதான். ஹவுஸ் சர்ஜன்கள் முறை வைத்துக் கையால் அமுக்கினோம். அன்று பகல், ராத்திரி, மறுநாள் பகல். ரத்தம் இல்லாத இடத்துக்கு அனுப்பப்பட்ட நான் என் முறை முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

சேத்தூரிலிருந்து அவர் மனைவி வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்தார். "அவிய ஏன் கண்ணத் தொறக்க மாட்டுக்காக?" என்றார். "திறப்பாரும்மா." "கை வலிக்கலியா டாக்டர்?" "இல்லம்மா." "நீங்க நிறுத்துனா?" நான் பையை அடுத்த முறை அமுக்கினேன். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குக் கை வலித்ததாக ஞாபகமில்லை.

பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பேசுவது. பை அமுக்கிக்கொண்டே குருசாமிக்குக் கதை கதையாகச் சொன்னேன். என் மயக்கக் கதை, ஹாஸ்டல் சாம்பார் கதை, எனக்குத் தெரிந்த எல்லா ஜோக்கும். மறுநாள் சாயங்காலம் வலது இமை ஒரு நூல் உயர்ந்தது. மூன்றாம் நாள் குழாயை எடுத்தோம். கரகரத்த குரலில் அவர் என்னிடம் முதலில் பேசியது இது: "எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன் டாக்டர். ஒரு ஜோக்குகூட நல்லால்ல."

கட்டுவிரியன் கடித்தவருக்கு உடம்புதான் அசையாது, காது வேலை செய்யும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். கோமாவில் இருப்பவர் பக்கத்தில் நின்று பேசும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள். ஜோக்கையும் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள்.

இனிதான் என் உண்மையான தவறு வருகிறது.

பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டார். "போன்ல கொரல வச்சே பிடிச்சிருக்கியேடே! எப்பிடிடே பிடிச்ச?" நான் வாயைத் திறந்தேன். ஆபரேட்டர் அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் திறந்தேன் என்று சத்தியம் செய்வேன். ஆனால் கருவித் தட்டோடு விழுந்தவன் தோளில் முதல் முறையாக அந்தக் கை விழுந்திருக்கிறது. வாயை மூடி, அடக்கமாகச் சிரித்தேன். அடக்கமாகச் சிரித்ததுதான் பெரிய பொய்.

ராஜபாளையம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மில்லிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மேஸ்திரியும் வந்தார். "பாம்பு எங்க வச்சு டாக்டர் கடிச்சுது?" என்று துருவினார். "பாம்புகிட்ட அட்ரஸ் வாங்க மறந்துட்டேன்" என்றேன். குருசாமி கட்டிலில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரித்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் அந்தப் புகழைச் சுமந்தேன். எட்டாவது நாள் தாங்கவில்லை. எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். உள்ளே விட மாட்டார்கள். டூட்டி முடிந்து அவர் வெளியே வரும்வரை வேப்பமரத்தடியில் நின்றேன். நாற்பது வயதிருக்கும். காதுக்கு மேல் ஹெட்போன் பட்டை அழுத்திய தடம் முடியில் தெரிந்தது. நான் யாரென்று சொல்வதற்குள், "டாக்டரா? போன்ல கேட்டதுக்கு நேருல சின்ன ஆளா இருக்கிய" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். "பெரிய டாக்டர்கிட்ட இன்னிக்கே உண்மையைச் சொல்லிடுறேன்மா" என்றேன்.

அவர் முகம் மாறியது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "சொல்லிராதிய டாக்டர். லைன்ல ஒட்டுக் கேட்டேன்னு தெரிஞ்சா என் வேல போயிரும். ரெண்டு பிள்ளைய வச்சிருக்கேன்."

இப்படி ஒரு விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை. ஷிப்டில் தூங்கியவரைக் காப்பாற்ற, லைனில் கேட்கக் கூடாததைக் கேட்டவர் பேசியிருக்கிறார். பேசினால் போகக்கூடியது என்ன என்று தெரிந்துதான், "வைக்காதிய" என்று சொல்லியிருக்கிறார். நானோ அவரிடம் மெடிக்கல் காலேஜ் பேரைக் கேட்டேன்.

"அப்ப இந்தப் பேர் எனக்குத் தகாதேம்மா" என்றேன்.

அவர் யோசித்தார். பஸ் ஒன்று போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "வாங்குன பேரத் திருப்பிக் குடுக்க முடியாது டாக்டர். இனிமே அந்தப் பேருக்குத் தக்கன கேளுங்க."

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

குருசாமி மில்லுக்குத் திரும்பினார். கேஸ் ஷீட்டில் குடோன் என்ற சொல் எங்கும் இல்லை. எனக்குப் போன் டூட்டியிலிருந்து விடுதலை வந்தது. வேண்டாம் என்றேன். பெரிய டாக்டர் அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மேற்படிப்பு முடித்து மறுபடி இதே ஊருக்கு வந்தபோதும் ராஜபாளையத்தில் என்னை "போன் டாக்டர்" என்றுதான் சொன்னார்கள். யாரோ சம்பாதித்த பேருக்கு நான் வேலை பார்த்தேன். ஒவ்வொரு அழைப்பிலும் கம்பவுண்டரிடம் பேசி முடித்ததும் நோயாளியைக் கூப்பிடச் சொல்வேன். அறையில் யார் நிற்கிறார்கள் என்று கேட்பேன். கடைசியில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருப்பேன். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஜனங்கள் உண்மையைச் சொல்கிறார்கள். கம்பிக்குள் எங்கேயோ இன்னொரு மூச்சு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அது ஒரு வார்த்தை பேசியதில்லை. இருக்கிறது என்பதே எனக்குப் பரீட்சை.

தொண்ணூறுகளில் நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. ஆபரேட்டர் அம்மாவை வெளியூருக்கு மாற்றினார்கள். முதல் நாள் ரிசீவரை எடுத்தேன். "பேசுங்க" என்று சொல்ல யாருமில்லை, நேராக ஒரு நோயாளியின் மகன் பேசினான். பேசி முடித்தான். கம்பி சுத்தமாக இருந்தது, ஒரு இரைச்சல் இல்லை. இனி நான் எத்தனை அவசரமாகத் தீர்ப்புச் சொன்னாலும் அதைக் கேட்க உலகத்தில் ஒருவரும் இல்லை. அப்படி ஒரு பயம் எனக்கு அந்த ஆபரேஷன் தியேட்டரில்கூட வந்ததில்லை.

"தம்பி, வைக்காதீங்க" என்றேன். "அப்பாகிட்ட போனைக் குடுங்க."